காலை ஐந்தரைக்கு முன் என்ன தேதி?

விழுப்புரம் மாவட்டத்துக் கூனிமேட்டுக்குக் கிழக்கே கடல், வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். இரண்டு இடத்திலும் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரியாக வேண்டும். படகு இருட்டிலேயே கிளம்ப வேண்டும். இப்படிப்பட்ட ஊருக்குச் செயலி எழுதுகிறவர் புதுச்சேரியில் உட்கார்ந்து எழுதினாலும் சரி, வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எழுதினாலும் சரி, சீக்கிரமே முட்டிக்கொள்ளும் இடம் நேரம்தான். மேகக்கணிச் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி எனப்படும் உலகப் பொதுநேரத்தில் ஓடுகின்றன. நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நமக்குக் காலை 5.30 ஆகும்போதுதான் அங்கே நள்ளிரவு தாண்டித் தேதி மாறும். பத்து மணிக்கு அலுவலகம் வருகிறவர்களின் கணக்கில் இந்தப் பிசகு தட்டுப்படவே தட்டுப்படாது. நாலு மணிக்குப் பாத்தியில் இறங்குகிறவரின் கூலி மட்டும் நேற்றைய பக்கத்தில் ஏறியிருக்கும்.

உப்பளக் கூலிக்கணக்குச் செயலி ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் குறிப்புகளைப் படியுங்கள். கடைக்கணக்கு, பள்ளி வருகைப்பதிவு, சீட்டுக்கணக்கு எதுவானாலும் பொருந்தும்.

1. 'இன்று' என்று கோடில் எழுதும் இடத்திலேயே எந்த ஊரின் இன்று என்பதையும் எழுதிவிடுங்கள். ஏப்ரல் 1 அதிகாலை 4 மணிக்கு ஒருவர் வேலைக்கு வந்தார் என்று வையுங்கள். யுடிசியில் அப்போது மார்ச் 31 இரவு 10.30. சர்வரின் தேதியை அப்படியே எடுத்தால் நாள் மட்டுமா மாறும்? மாதம் மாறும், நிதியாண்டே மாறிவிடும். நேரத்தை யுடிசியில் வாங்குங்கள். தேதியாக்கும்போது 'ஏசியா/கொல்கத்தா' என்ற டைம்ஸோன் பெயரைக் கொடுத்து மாற்றுங்கள். பைத்தானில் டைம்ஸோன் எதுவும் தராமல் 'டேட்டைம்.நௌ' என்று மட்டும் எழுதினால், எந்தக் கணினியில் ஓடுகிறதோ அந்தக் கணினியின் ஊர் நேரம் வரும். அது எந்த ஊர் என்ற குறிப்பு கூடவே வராது. பழைய பழக்கமான 'யுடிசிநௌ'வும் அதே ரகம்தான். பைத்தான் 3.12இலிருந்து அதைக் கைவிடச் சொல்லி எச்சரிக்கை வருகிறது.

2. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதென்றால் இதைக் கடைப்பிடியுங்கள். கணக்குப் போடும் ஃபங்ஷன் தானாகப் போய்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. நேரத்தை வெளியிலிருந்து அதன் கையில் கொடுக்க வேண்டும்.

'இன்று மீன்பிடித் தடைக்காலமா?' என்று சொல்லும் சிறிய ஃபங்ஷன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது உள்ளேயே கடிகாரத்தைக் கேட்டால், நவம்பரில் அதைச் சோதிக்கும் பிள்ளைக்கு 'இல்லை' என்ற விடை மட்டும்தான் கிடைக்கும். 'ஆம்' என்று சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். தேதியை அளவுருவாக வாங்கிக்கொள்ளும்படி எழுதினால், எந்த ஆண்டின் எந்த நாளையும் ஒரு நொடியில் சோதித்துவிடலாம்.

சின்ன நிரலுக்கு ஓர் அளவுரு போதும். நிரல் பெரிதாகி, பத்து இடத்தில் நேரம் தேவைப்பட்டால் கடிகாரத்தையே ஒரு பொருளாகக் கொடுங்கள். ஜாவா 8இல், 2014லேயே, இதற்கென்று 'கிளாக்' என்ற வகுப்பு வந்துவிட்டது, 'கிளாக்.ஃபிக்ஸ்ட்' கொடுத்தால் கேட்கும்போதெல்லாம் ஒரே நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். டாட்நெட்டில் 2023இல் வந்த 8ஆம் பதிப்பில் 'டைம்புரொவைடர்' உண்டு. இதைப் பெரிய நிறுவனங்களின் கட்டடக்கலை என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ, தனியாக எழுதுகிறவருக்குத்தான் இது அதிகம் உதவும் என்று படுகிறது. சோதித்துப் பார்க்க அவருக்கு வேறு ஆள் கிடையாது.

3. எல்லை நாள்களை விட்டுவிடாதீர்கள். தமிழகத்தின் கிழக்குக் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஏப்ரலில் 16, மே மாதம் 31, ஜூனில் 14 என்று கூட்டிப் பாருங்கள். இரண்டு முனை நாளும் உள்ளே இருந்தால்தான் 61 வரும். ஜூன் 14இலிருந்து ஏப்ரல் 15ஐக் கழிக்கச் சொன்னால் கணினி 60 என்று சொல்லும். ஆகவே ஏப்ரல் 14, 15, ஜூன் 14, 15 ஆகிய நான்கு நாளுக்கும் தனித்தனி டெஸ்ட் வேண்டும். 14ஆம் தேதி இரவு 11.59க்கும் 15ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவு 12.00க்கும் தலா ஒன்று.

இன்னொன்று. 2017க்கு முன்பு தடைக்காலம் 45 நாள்தான். மே 29ஆம் தேதியோடு முடிந்துவிடும். பழைய பதிவுகளையும் செயலி காட்டுமானால் 2016 ஜூன் 5க்கு 'தடை இல்லை' என்று வர வேண்டும். விதி எந்த ஆண்டிலிருந்து என்பதும் கோடில் இருக்கட்டும். தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். கடிகாரம் சரியாக இருந்தும் விதியைத் தப்பாக எழுதினால் பயனில்லை.

4. ஒரு வேலைக்கு ஒரே ஒருமுறை நேரம் கேளுங்கள். ரசீதின் தேதிக்கு ஒருமுறை, வரிசை எண்ணுக்கு ஒருமுறை, டேட்டாபேஸில் சேர்க்க ஒருமுறை என்று கேட்டால், நள்ளிரவை ஒட்டி ஒரே ரசீதில் இரண்டு தேதி வந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். அதனாலேயே கண்டுபிடிப்பது கடினம். தொடக்கத்தில் வாங்கிய நேரத்தைக் கடைசி வரை கைமாற்றிக்கொண்டே போங்கள்.

5. பைத்தானில் அளவுருவின் இயல்பு மதிப்பாக 'இப்போது' என்று எழுதாதீர்கள். அந்த மதிப்பு நிரல் ஏற்றப்படும்போது ஒரே ஒருமுறைதான் கணக்கிடப்படும். திங்கள் காலை சர்வரை இயக்கினால், வியாழக்கிழமையும் அதற்குத் திங்கள் காலைதான். இயல்பு மதிப்பை 'நன்' என்று வைத்து, உள்ளே முதல் வரியில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

6. நேரத்தை உறைய வைக்கும் கருவிகளை அளவோடு பயன்படுத்துங்கள். பைத்தானுக்கு 'ஃப்ரீஸ்கன்', 'டைம்-மெஷின்'; ரூபிக்கு 'டைம்காப்'; ரெயில்ஸில் 'டிராவல்_டு'; ஜாவாஸ்கிரிப்டில் 'ஜெஸ்ட்' தரும் போலி டைமர்கள். கையில் கிடைத்த பழைய நிரலைப் பிரிக்க முடியாத நிலையில் இவை பெரிய உதவி. புதிதாக எழுதும் நிரலுக்கு இரண்டாம் குறிப்பே போதும் என்பது என் கட்சி.

உறைய வைத்தால் மூன்று விஷயம் கவனியுங்கள். டெஸ்ட் முடிந்ததும் விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த டெஸ்டும் அதே நாளில் மாட்டிக்கொண்டு, தனியாக ஓடினால் தேறும், கூட்டாக ஓடினால் தவறும். அடுத்தது டேட்டாபேஸ். எஸ்க்யூஎல்லில் 'நௌ' என்று கேட்டால் அது தன் சொந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும். நீங்கள் உறைய வைத்தது அதற்குத் தெரியாது. மூன்றாவது, நேரத்தைச் சரிபார்க்கும் வெளிச் சேவைகள். உள்நுழைவு டோக்கன்களை 2019க்குக் கொண்டுபோய் நிறுத்தினால் எதிர்முனை ஏற்காது.

7. டெஸ்டில் 'ஸ்லீப்' போடாதீர்கள். ஓடிபி ஐந்து நிமிடத்தில் காலாவதியாகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டியதில்லை. போலிக் கடிகாரத்தை 4 நிமிடம் 59 விநாடி தள்ளி ஒருமுறை, 5 நிமிடம் 1 விநாடி தள்ளி ஒருமுறை கேளுங்கள். சரியாக 5 நிமிடத்தில் என்ன விடை வர வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்து எழுதிவையுங்கள். கோ மொழிக்காரர்களுக்கு 2025இல் வந்த 1.25ஆம் பதிப்பில் 'சிங்க்டெஸ்ட்' இருக்கிறது. அதற்குள் ஓடும் டெஸ்டில் பொய் நேரம் தானாக நகரும்.

8. லேப்டாப்பில் தேறுகிற டெஸ்ட் சர்வரில் தவறினால், முதலில் டைம்ஸோனைச் சந்தேகியுங்கள். லினக்ஸில் 'டிஇசட்' என்ற சூழல் மாறியை மாற்றி எல்லா டெஸ்டையும் மூன்று முறை ஓட்டிப் பாருங்கள்: கொல்கத்தாவில் ஒருமுறை, யுடிசியில் ஒருமுறை, டொரண்டோவில் ஒருமுறை. கிழக்கு, நடு, மேற்கு மூன்றிலும் தேறினால் நிம்மதியாகத் தூங்கலாம். 

9. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அளக்கச் சுவர்க்கடிகாரத்தைப் பயன்படுத்தாதீர்கள். கணினி தன் நேரத்தைத் திருத்திக்கொள்ளும்போது அது பின்னோக்கியும் போகும். அளப்பதற்கென்றே முன்னோக்கி மட்டும் ஓடும் கடிகாரம் ஒன்று ஏறத்தாழ எல்லா மொழியிலும் இருக்கிறது, பைத்தானில் 'மோனோடானிக்'.

இதற்கு உலகறிந்த சாட்சி கிளவுட்ஃபிளேர் நிறுவனம். 2016 டிசம்பர் 31 முடியும்போது உலக நேரத்தில் 'லீப் விநாடி' எனப்படும் ஒரு விநாடியைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். நம் கணக்கில் அது 2017 ஜனவரி 1 காலை 5.30. கழித்தால் எதிர்மறை எண் வராது என்று நம்பி எழுதிய அவர்களுடைய டிஎன்எஸ் நிரலில் எதிர்மறை எண் வந்தது. சில தளங்களின் முகவரிகள் கிடைக்காமல் போயின. அந்த நிரல் கோ மொழியில் எழுதியது. 2017இல் வந்த கோ 1.9இல், நேரத்தைக் கேட்டாலே முன்னோடும் கடிகார அளவும் சேர்ந்தே வரும்படி மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு லீப் விநாடியும் சேர்க்கப்படவில்லை.

10. 'ஐஎஸ்டி' என்று சேமிக்காதீர்கள். இஸ்ரேலும் அயர்லாந்தும் அதே மூன்றெழுத்தைத்தான் வைத்திருக்கின்றன. கூட்டவேண்டிய நேரத்தை முழு மணியாக வைக்கும் நிரல்களையும் நம்பாதீர்கள். நமக்கு அரை மணி, நேபாளத்துக்கு முக்கால் மணி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

11. தேதி மட்டும் வேண்டிய இடத்தில் தேதியை மட்டும் வையுங்கள். பிறந்தநாளை 'அன்றைய நள்ளிரவு' என்று நேரமாக மாற்றிச் சேமித்தால், ஆகஸ்ட் 15 நள்ளிரவு யுடிசியில் ஆகஸ்ட் 14 மாலை 6.30 ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு நேரெதிரான பொறி உண்டு. '2025-04-15' என்று தேதியை மட்டும் கொடுத்தால் அதை யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். இங்கே அது ஏப்ரல் 15 காலை 5.30 என்று வருவதால், தேதி சரிதானே என்று விட்டுவிடுவோம். டொரண்டோவில் இருக்கும் சித்தப்பா அதே செயலியைத் திறந்தால் ஏப்ரல் 14 என்று இருக்கும். கிழக்கே வாழ்கிறவர்கள் கண்ணில் படாத பிழை இது. எட்டாம் குறிப்பில் டொரண்டோவைச் சேர்த்தது இதற்காகத்தான்.

12. நடந்து முடிந்ததை யுடிசியில் சேமியுங்கள். நடக்கப் போவதை ஊர் நேரமாகவும் டைம்ஸோன் பெயராகவும் சேமியுங்கள். எதிர்காலத்தில் அரசாங்கம் கடிகாரத்தை மாற்றலாம். பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. மின்தட்டுப்பாட்டுக்காக 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரலில் மறுபடி நம்மோடு ஒத்த 5.30க்கே வந்துவிட்டார்கள். அடுத்த மாதம் காலை 9 மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டம் என்றால், மக்கள் அன்றைய சுவர்க்கடிகாரத்தின் 9 மணிக்குத்தான் வருவார்கள். யுடிசியாக மாற்றிப் பூட்டி வைத்திருந்த நிரல் வேறு நேரத்தைச் சொல்லும். சிங்கப்பூரும் மலேசியத் தீபகற்பமும் 1982 புத்தாண்டில் அரை மணி முன்னே தாவியவைதான்.

13. பழைய தேதிகளோடு வேலை செய்தால் டைம்ஸோன் தரவுத்தொகுப்பை நம்புங்கள். நீங்களாக ஐந்தரையைக் கூட்டாதீர்கள். இந்தியாவில் எப்போதும் 5.30தான் என்பது உண்மையல்ல. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கம்பெனி கட்டிய வானாய்வகத்தை ஒட்டிய மெட்ராஸ் நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. நாடு முழுக்க ரயில்கள் அந்த நேரப்படிதான் ஓடின. 1906 ஜனவரி 1இல்தான் 5.30 பொதுநேரமாக வந்தது. அதையும் கல்கத்தாவும் பம்பாயும் வெகுகாலம் தங்கள் அன்றாடத்துக்கு ஏற்கவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, நாட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது.

இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். ஜாதக நிரல் எழுதுகிறவருக்கு வேண்டும். 1943இல் காலை 6 மணிக்குப் பிறந்ததாகத் தாத்தாவின் நோட்டில் இருந்தால், அது இன்றைய கணக்கில் 5 மணி, லக்னமே மாறலாம். 'ஏசியா/கொல்கத்தா' என்று கொடுத்து மாற்றினால் தரவுத்தொகுப்பே 6.30ஐக் கழித்துக்கொள்ளும். ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவர்களும் இந்த ஒரு தேதியை டெஸ்டில் வைத்துக்கொள்ளலாம். ஐந்தரையைக் கையால் கூட்டிய கோட் உடனே மாட்டிக்கொள்ளும்.

14. நேரம் 23 நிமிடம் பிசகினால் காரணம் அநேகமாகப் 'பைடிஇசட்' என்ற பைத்தான் நூலகம். கொல்கத்தா டைம்ஸோனை அதிலிருந்து எடுத்து நேரடியாகத் தேதியில் செருகினால், பட்டியலின் முதல் வரியில் இருக்கும் பழைய கல்கத்தா உள்ளூர் நேரம் 5.53 ஒட்டிக்கொள்ளும். அந்த நூலகத்தின் 'லோக்கலைஸ்' வழியாகப் போங்கள். பைத்தான் 3.9இலிருந்து உள்ளேயே வரும் 'ஸோன்இன்ஃபோ'வுக்கு மாறிவிடுவது இன்னும் நல்லது.

15. சூரியனை வைத்து நடக்கும் காரியங்களுக்குக் கடிகார நேரத்தைக் கோடில் பொறித்து வைக்காதீர்கள். நம் பொதுநேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியது. கூனிமேடு ஏறத்தாழ 80 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம்; ஆகவே இங்கே உச்சிப்பொழுது சராசரியாக 12.10 வாக்கில். அதுவும் ஆண்டு முழுக்க ஒன்றாக இருக்காது: நவம்பர் தொடக்கத்தில் 12 ஆவதற்குள் உச்சி வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.24 வரை தள்ளும். பள்ளிவாசலின் லுஹர் (நண்பகல்), மஃரிப் (அந்தி) தொழுகை நேரங்களைச் செயலியில் காட்டுகிறவர் இடத்தையும் தேதியையும் இரண்டையும் வெளியிலிருந்து வாங்கிக் கணக்கிட வேண்டும். அந்த இரண்டு பருவத்தையும் டெஸ்டில் வைக்க வேண்டும். இஸ்லாமிய நாள் மஃரிபோடு தொடங்குகிறது என்பதால் 'இன்று என்ன பிறை' என்ற கேள்விக்கு நள்ளிரவு எல்லை உதவாது. ரமலான் 29 நாளா 30 நாளா என்பதைக் கணக்கிட்டுச் சொல்லிவிடாதீர்கள். தலைமை காஜியின் அறிவிப்பு வந்த பிறகு மாற்றிக்கொள்ள ஓர் இடம் விட்டுவையுங்கள்.

16. வருகைப்பதிவுக்குக் கைபேசியின் கடிகாரத்தை மட்டும் நம்பக் கூடாது. அமைப்புகளில் போய் யாரும் மாற்றிவிடலாம். உப்பளத்தின் நடுவில் சிக்னல் இல்லாதபோது வேறு வழியும் இல்லை. எனவே கைபேசி சொன்ன நேரம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் தனித்தனிக் கட்டங்களில் வையுங்கள். வித்தியாசம் அதிகமானால் மேஸ்திரியிடம் கேட்கச் சொல்லுங்கள். நிரலே கூலியை வெட்ட வேண்டாம். சர்வரின் கடிகாரத்தை என்டிபி மூலம் சரிசெய்துகொள்ளுங்கள். இந்திய நேரத்தைப் பராமரிப்பது புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் நேரச் சர்வரோடோ தேசிய தகவல் மையத்தின் சர்வரோடோ அவற்றை அடியொற்றும் சர்வர்களோடோ இணைந்திருக்க வேண்டும் என்று இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

17. பிப்ரவரி 29க்கு ஒரு டெஸ்ட். 'ஒரு வருடம் கழித்து' என்று அன்றைக்குக் கேட்டால் என்ன வரும் என்பதைப் பாருங்கள். 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு இன்னொன்று. 32 பிட் எண்ணில் நேரத்தை வைத்திருக்கும் நிரலுக்கு அதற்கடுத்த விநாடி 1901 டிசம்பர் ஆகிவிடும். பதினைந்து வருடக் கடன் தவணையைக் கணக்கிடுகிற செயலிக்கு 2038 வந்தே விட்டது.

18. குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளை எழுதும்போது கிழமையையும் சேர்த்து மாற்றுங்கள். வாரக்கூலிப் பட்டியல் திங்கள் காலை 5 மணிக்குக் கைபேசிக்கு வர வேண்டும் என்றால், யுடிசி சர்வரில் அது ஞாயிறு இரவு 11.30. மணியை மட்டும் மாற்றிக் கிழமையைத் திங்களாகவே விட்டால் பட்டியல் செவ்வாய்க்கிழமை வரும். மாதம் 1ஆம் தேதி காலை 4 மணி என்பது இன்னும் சிக்கல்: யுடிசியில் அது முந்தைய மாதக் கடைசி நாள் இரவு 10.30. கடைசி நாள் 28, 29, 30, 31 என்று மாறிக்கொண்டே இருக்கும். சாதாரணக் கிரான் வரியில் அதைச் சொல்ல வழியில்லை. தினமும் இரவு 10.30க்கு ஓடச் செய்து, உள்ளே நம் ஊர்த் தேதி 1ஆ என்று பார்த்து, இல்லையென்றால் திரும்பிவிடச் சொல்லுங்கள். அப்படிப் பார்க்கும் ஃபங்ஷனுக்கும் நேரத்தை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.